சின்ன ரயில் எஞ்சினுக்கு ஒரு செம்பு பாய்லர்: கணக்கில் தொடங்கி முதல் நீராவி வரை

பழைய டீக்கடைகளில் நிற்கும் செம்பு பாய்லரின் நடுவே ஒரு குழாய் மேலும் கீழுமாகப் போகும். அதற்குள் கரி எரியும், சுற்றிலும் தண்ணீர் நிற்கும். அந்த பாய்லரை அப்படியே படுக்க வைத்து, உள்ளங்கை அகலத்துக்குச் சுருக்கி, கரிக்குப் பதில் பியூட்டேன் வாயுவை எரித்தால் நாம் கட்டப்போகும் பாய்லரின் உருவம் கிடைத்துவிடும். வித்தியாசம் ஒன்றுதான், ஆனால் பெரியது. டீக்கடை பாய்லர் திறந்த பாத்திரம். நம்முடையது நாலா பக்கமும் மூடி, அழுத்தத்தைத் தாங்கி நிற்க வேண்டியது.

அந்த அழுத்தத்தை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நம் பாய்லர் வேலை செய்யப்போவது 3 பாரில், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கூடுதலான அழுத்தத்தில். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 143 டிகிரி வரை சூடேறியும் முழுதாக ஆவியாகாமல் அடங்கிக் கிடக்கும். பாய்லர் பிளந்தால் அதில் சுமார் 8 சதவீதம் ஒரே நொடியில் ஆவியாகிவிடும். ஒரு டம்ளர் அளவு, அதாவது 200 மில்லி தண்ணீரிலிருந்து 27 லிட்டர் நீராவி. வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனைவிடப் பெரிய கொந்தளிப்பு அது. ஆகவே செம்பு வாங்கும் முன் காகிதமும் பென்சிலும் எடுத்து உட்காருங்கள். இந்த வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது.

இங்கே எடுத்துக்கொள்ளும் எஞ்சின், பிரிட்டனில் மிகப் பிரபலமான 16 மில்லிமீட்டர் அளவுகோலில் அமைந்தது. நிஜத்தின் ஓர் அடி மாதிரியில் 16 மி.மீ., அதாவது 19இல் ஒரு பங்கு. 32 மி.மீ. தண்டவாளத்தில் தோட்டத்தைச் சுற்றி ஓடும் குறுகிய பாதை எஞ்சின். முதல் பாய்லருக்கு இதைவிடப் பொருத்தமான அளவு எனக்குத் தெரியாது.

எந்த வகை பாய்லர்

மிக எளியது பானை பாய்லர்: ஒரு செம்புக் குழாய், இரண்டு மூடி, அடியில் ஸ்பிரிட் விளக்கு. வெளியே காற்றடித்தால் சூடு பாதி வீணாகும். அடுத்தது ஸ்மித்தீஸ் வகை. பானை பாய்லரின் அடியில் தண்ணீர்க் குழாய்கள் தொங்கவிட்டு, முழுவதையும் இன்னொரு உறைக்குள் அடைத்தது. ஸ்பிரிட்டில் ஓட்ட ஆசைப்படுபவர்களுக்கு இன்றும் நல்ல வழி.

நிஜ எஞ்சினில் இருப்பதுபோல் கரி எரியும் தீயறையும் பல புகைக்குழாய்களும் கொண்டு கரியில் ஓடுவது மூன்றாவது. இவ்வளவு சின்ன அளவில் அது வேலை செய்யாது என்று 1920களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பலர் அடித்துச் சொன்னார்கள். எல்.பி.எஸ்.சி. என்ற பெயரில் எழுதிய கர்லி லாரன்ஸ், இரண்டரை அங்குலப் பாதையில் ஓடும் தன் ‘ஆயிஷா’ எஞ்சினில் கரி போட்டு, ஆளை ஏற்றி இழுத்துக் காட்டினார். அந்த விவாதத்துக்கு ‘பாய்லர் போர்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. பின்னாளில் இந்த வகைக்குப் போகும்போது கெய்லர் விதி கைகொடுக்கும்: புகைக்குழாயின் நீளத்தை உள்விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால், அங்குலக் கணக்கில் 50க்கும் 70க்கும் இடையே வர வேண்டும். 8 மி.மீ. உள்விட்டக் குழாய் என்றால் நீளம் சுமார் 130 முதல் 175 மி.மீ. வரை.

ஆனால் முதல் பாய்லராக அதைத் தொடாதீர்கள். மூட்டுகள் அதிகம், தகடுகள் புடைக்காமல் பிடித்து வைக்கும் தாங்குகம்பிகள் அதிகம், பற்றவைக்கும் வரிசை சிக்கலானது. நடுவே ஒரே புகைக்குழாய், அதற்குள் வாயு பர்னர் என்ற அமைப்பே இங்கே நம் தேர்வு.

தண்ணீர்க் கணக்கு

பலர் பாய்லரை எஞ்சினின் படத்தைப் பார்த்து வரைகிறார்கள். நான் சிலிண்டரிலிருந்து தொடங்குவேன். 14 மி.மீ. விட்டம், 16 மி.மீ. பிஸ்டன் ஓட்டம் கொண்ட சிலிண்டர்கள் இரண்டு. இரு பக்கமும் நீராவி தள்ளுவதால் சக்கரம் ஒரு சுற்று சுற்ற நான்கு முறை நிரம்பும். மொத்தம் சுமார் 10 மில்லி. நீராவியின் வரத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைத் தாண்டி சிலிண்டருக்குள் 1.5 பார் அழுத்தம் இருக்கிறது என்று வையுங்கள். அந்த நீராவி லிட்டருக்குச் சுமார் 1.4 கிராம் எடை. சுற்றுக்கு 0.014 கிராம்.

நிமிடத்துக்கு 200 சுற்று என்றால் 2.8 கிராம். 33 மி.மீ. சக்கரத்தில் இது அளவுகோல்படி மணிக்கு 24 கிலோமீட்டர் வேகம், குறுகிய பாதை ரயிலுக்கு ஏற்றது. சின்ன சிலிண்டரின் சுவர் குளிர்ந்திருப்பதால் உள்ளே வரும் நீராவியில் பெரும் பங்கு தண்ணீராகிவிடும். அதற்காக இரட்டிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்: நிமிடத்துக்கு 5.5 கிராம்.

இனி பாய்லர். வெளிவிட்டம் 54 மி.மீ., சுவர் 1.2 மி.மீ. உள்ள செம்புக் குழாய், நீளம் 160 மி.மீ. அதற்குள் 22 மி.மீ. வெளிவிட்டமும் 0.9 மி.மீ. சுவரும் உள்ள புகைக்குழாய். அதை மையத்திலிருந்து 7 மி.மீ. கீழே இறக்கி வைக்கிறோம். அடியில் கிட்டத்தட்ட 8 மி.மீ. இடைவெளி மிஞ்சும். தண்ணீர் சுழலவும் அழுக்கு தங்காமல் இருக்கவும் அவ்வளவாவது வேண்டும்.

இரண்டு முனைத் தகடுகளுக்கும் நடுவே 144 மி.மீ. கிடைக்கும். மொத்தக் கொள்ளளவு சுமார் 246 மில்லி. அவ்வளவும் பயன்படாது. புகைக்குழாயின் உச்சிக்கு மேலே உள்ளது 120 மில்லி. அதிலும் நீராவிக்கு 30 மில்லி இடம் விட்டால் செலவழிக்கக் கையில் இருப்பது 90 மில்லி மட்டுமே. நிமிடத்துக்கு 5.5 கிராம் என்றால் 16 நிமிட ஓட்டம்.

இந்த வடிவமைப்பில் எனக்கு மிக முக்கியமான விதி இதுதான்: தண்ணீர் தீரும் முன் வாயு தீர வேண்டும். புகைக்குழாயின் தலை தண்ணீருக்கு வெளியே வந்துவிட்டால் செம்பு நிமிடங்களில் சிவக்கத் தொடங்கும், மூட்டுகள் பலம் இழக்கும். ஓட்டுபவரின் கவனத்தை நம்பாமல் வாயுத் தொட்டியின் அளவையே காவலாக வைக்கலாம். கணக்கைப் பாருங்கள். கொதிநிலைக்கு வந்துவிட்ட ஒரு கிராம் தண்ணீரை நீராவியாக்கச் சுமார் 2.1 கிலோஜூல் வேண்டும். 16 நிமிடத்தில் செலவாகும் 88 கிராமுக்கு 185 கிலோஜூல். குளிர்ந்த தண்ணீரையும் செம்பையும் முதலில் சூடேற்ற இன்னொரு 130. ஒரு கிராம் பியூட்டேன் கிட்டத்தட்ட 45 கிலோஜூல் தரும், அதில் 40 சதவீதம் தண்ணீருக்குப் போனால் மொத்தம் 17.5 கிராம், அதாவது 30 மில்லி திரவ வாயு வேண்டும்.

சரி, 30 மில்லி தொட்டி வைக்கலாமா? வேண்டாம். உங்கள் பாய்லர் எதிர்பார்த்ததைவிட நன்றாக அமைந்து 50 சதவீதம் சூட்டை வாங்கிக்கொண்டால் என்ன ஆகும்? அப்போது 24 மில்லியே 90 மில்லி தண்ணீரைத் தீர்த்துவிடும். ஆகவே 24 மில்லிக்கு மேல் போகாதீர்கள். ஒருமுறை ஓட்டி முடித்து, ஆறவிட்டு, மிச்சத் தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்தால் உண்மை நிலவரம் தெரியும். இன்னொன்று: அடுத்த ஓட்டத்துக்கு முதலில் தண்ணீர், பிறகே வாயு. இந்த வரிசை எந்நாளும் மாறக் கூடாது.

தடிமன் கணக்கு

உருளைச் சுவரில் வரும் இழுவிசை = அழுத்தம் × விட்டம் ÷ (2 × தடிமன்). 3 பார் என்பது சதுர மில்லிமீட்டருக்கு 0.3 நியூட்டன். 0.3 × 54 ÷ 2.4 = சதுர மில்லிமீட்டருக்கு 6.75 நியூட்டன். பற்றவைத்த சூட்டில் இளகிப்போன செம்பு சுமார் 200 நியூட்டன் வரை இழுத்தால்தான் அறும். மாதிரி பாய்லர்களில் வழக்கமான பாதுகாப்புக் காரணி 8, அதாவது அறும் விசையில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. சூட்டில் செம்பின் வலிமை குறைவதையும் சேர்த்து நான் 20 நியூட்டனுக்கு மேல் அனுமதிப்பதில்லை. அந்தக் கணக்கில் 0.4 மி.மீ. சுவரே போதும். இருந்தும் 1.2 எதற்கு? ஓட்டைகள் போடப்போகிறோம், கையாளும்போது நசுங்கும், காலப்போக்கில் தேயும். அதற்காக.

உண்மையான பலவீனம் தட்டையான முனைத் தகடுகளில் இருக்கிறது. புகைக்குழாயின் பரப்பு போக மீதி 1,711 சதுர மி.மீ. மேல் 0.3 நியூட்டன் என்றால் 513 நியூட்டன். ஒவ்வொரு தகட்டையும் ஒரு 50 கிலோ சிமெண்ட் மூட்டை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதற்குச் சமம். சோதனையின்போது இரண்டு மூட்டை. அதனால் முனைத் தகட்டுக்கு 2.5 மி.மீ. செம்பு. புகைக்குழாய் இரண்டு தகடுகளையும் இழுத்துப் பிடிக்கும். ஆனால் அதற்கு மேலே உள்ள அகன்ற பகுதி ஆதரவில்லாமல் நிற்கும். அங்கே 5 மி.மீ. பாஸ்பர் வெண்கலக் கம்பி ஒன்று, முனைக்கு முனை தாங்குகம்பியாகப் போக வேண்டும்.

பித்தளைக் கம்பி மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனாலும் வேண்டாம். வெந்நீரிலும் நீராவியிலும் பித்தளையின் துத்தநாகம் மெல்லக் கரைந்து வெளியேறிவிடும். மிஞ்சுவது பார்வைக்குக் கம்பி, தொட்டால் பொடி. தாங்குகம்பி பாய்லருக்குள் மறைந்திருப்பதால் அது கெட்டது வெளியே தெரியவே தெரியாது. வால்வு, கேஜ் போன்றவற்றைத் திருகிப் பொருத்தும் வளையங்களான புஷ்களுக்கும் இதே விதி: வெண்கலம் அல்லது கன்மெட்டல்.

தட்டி வளைப்பது

முனைத் தகட்டின் விளிம்பை எட்டு மில்லிமீட்டருக்கு மடித்துத் தட்ட வேண்டும். மூட்டுகளை இணைக்க உருக்கி விடும் உலோகமான பற்று அந்த விளிம்பில்தான் ஓடிப் பிடிக்கும். அலுமினியத்திலோ இரும்பிலோ 46.4 மி.மீ. விட்டத்தில் ஓர் அச்சு கடைந்து, ஓரத்தை 3 மி.மீ. ஆரத்துக்கு மழுக்குங்கள். கூர்மையான ஓரம் செம்பை வெட்டிவிடும். 62 மி.மீ. வட்டமாகத் தகட்டை வெட்டி, மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை சூடாக்கித் தண்ணீரில் போடுங்கள். இரும்பு போலன்றி, செம்பு இப்படிச் செய்தால் இளகும்.

அச்சுக்கும் ஒரு கனமான தகட்டுக்கும் நடுவே வைத்து வைஸில் இறுக்கி, நைலான் சுத்தியால் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். ஒரே இடத்தில் முழுதாக மடிக்கப் பார்க்காதீர்கள், சுருக்கம் விழும். முதலில் சத்தம் ‘தொப் தொப்’ என்று மந்தமாக வரும். சில சுற்றுகளில் அது ‘டங்’ என்று கூர்மையாகும், சுத்தியும் துள்ளத் தொடங்கும். செம்பு இறுகிவிட்டது என்று அர்த்தம். அங்கே நிறுத்திவிட்டு மறுபடி சூடாக்க வேண்டும். எனக்கு ஒரு தகட்டுக்கு நான்கு ஐந்து முறை ஆகிறது. இறுகிய பிறகும் தட்டிக்கொண்டே இருந்தால் விளிம்பில் முடியளவு வெடிப்பு விழும். அந்தத் தகட்டைத் தூக்கிப் போடுவது தவிர வழியில்லை.

விளிம்பு முடிந்ததும் புகைக்குழாய்க்கும் தாங்குகம்பிக்கும் ஓட்டை போடுங்கள். குழாய்க்கும் தகட்டுக்கும் இடைவெளி 0.05 முதல் 0.15 மி.மீ. வரை இருக்கட்டும். அந்த இடுக்கு தானாகவே உருகிய பற்றை உறிஞ்சிக்கொள்ளும். இறுக்கி அடித்தால் பற்று நுழையாது, தளர்வாக விட்டால் வழிந்து போகும்.

புகைக்குழாய்க்குள் பர்னர் முடியும் இடத்துக்கு அப்பால் 6 மி.மீ. செம்புக் குழாய்கள் மூன்றைக் குறுக்கே, சாய்வாகச் செருகலாம். அவற்றுக்குள் தண்ணீர் ஏறி ஓடும், புகைபோக்கியில் வீணாகும் சூட்டைப் பிடிக்கும், குழாயும் வலுப்படும்.

பற்றவைப்பு

சால்டரிங் ஈயம் இந்த வேலைக்கு ஆகாது. 183 டிகிரியில் உருகும் ஈயத்துக்கும் 143 டிகிரி நீராவிக்கும் நடுவே உள்ள தூரம் உயிரை அடகு வைக்கும் அளவுக்குப் பெரியதல்ல. ஏ.சி. மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பாஸ்பர் செம்புக் கம்பி, மூட்டைச் சுத்தமாக வைத்திருக்கப் பூசும் பிளக்ஸே இல்லாமல் அழகாக ஓடும். ஆனால் கரிப்புகையில் உள்ள கந்தகம் அந்த மூட்டை அரித்துவிடும். வாயு பாய்லருக்கும் நான் அதைத் தொடுவதில்லை.

வேண்டியது வெள்ளி கலந்த பற்று, இரண்டு ரகம். 24 சதவீத வெள்ளி உள்ளது 740 முதல் 780 டிகிரியில் உருகும். 55 சதவீதம் உள்ளது 630 முதல் 660 டிகிரியில். முதல் கட்ட மூட்டுகளை அதிகச் சூட்டுப் பற்றிலும், அடுத்த கட்டத்தைக் குறைந்த சூட்டுப் பற்றிலும் செய்தால் முன்பு வைத்தது மறுபடி உருகி விழாது. காட்மியம் கலந்த பழைய ரகம் இன்னும் எளிதாக ஓடும், ஆனால் அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் அதைத் தடை செய்தது. யாராவது பழைய கம்பியை அன்பாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பிளக்ஸின் அடிப்படை, நகைப் பட்டறைகளில் பரம்பரையாகப் புழங்கும் வெங்காரம்தான். ஆனாலும் வெறும் வெங்காரத்தைவிடச் சீக்கிரம் உருகும் வெள்ளிப் பற்று பிளக்ஸ் பொடியை வாங்கி, தண்ணீர் விட்டுத் தயிர்ப் பதத்தில் குழைத்துப் பூசுங்கள்.

முதல் கட்டத்தில், 24 சதவீதப் பற்றால், குறுக்குக் குழாய்களைப் புகைக்குழாயிலும், புஷ்களைப் பாய்லர் உருளையிலும் பின் தகட்டிலும் வையுங்கள். இரண்டாம் கட்டத்தில், 55 சதவீதப் பற்றால், முன் தகடு, புகைக்குழாய், தாங்குகம்பி மூன்றையும் உருளைக்குள் கோத்து, முன்பக்கம் மேலே வரும்படி நிறுத்தி எல்லா மூட்டையும் ஒரே சூட்டில் முடியுங்கள். அப்புறம் சுத்தம் செய்து, தலைகீழாகத் திருப்பிப் பின் தகடு. புஷ்களின் ஓட்டை ஒன்றுகூட அடைபட்டிருக்கக் கூடாது. உள்ளே சூடேறும் காற்று வெளியேற வழியில்லையென்றால் உருகிய பற்றைப் பிய்த்துக்கொண்டு வரும்.

என் முதல் பாய்லரில் நான் செய்த பிழை சூட்டில். கையடக்கமான சின்ன டார்ச்சை வைத்து இருபது நிமிடம் ஊதினேன். செம்பு ஒரு பக்கம் வாங்கிய சூட்டை மறுபக்கம் கடத்திக்கொண்டே இருந்தது. அதற்குள் பிளக்ஸ் கருகித் தீர்ந்தது, பற்று உருண்டை உருண்டையாக நின்றதே தவிர மூட்டுக்குள் போகவில்லை. அன்றிலிருந்து அகன்ற வாய் கொண்ட எல்.பி.ஜி. பர்னர், மூன்று பக்கமும் தீச்செங்கல், கூடவே இன்னொரு பர்னருடன் ஒரு துணை ஆள். சூடு வேகமாகவும் பரவலாகவும் ஏற வேண்டும்.

விளக்கைக் குறைத்து, அரையிருட்டில் செய்யுங்கள், நிறம் நன்றாகத் தெரியும். பிளக்ஸ் முதலில் பொங்கி வெள்ளையாக நுரைக்கும். பிறகு படிந்து, திடீரென்று கண்ணாடி போலத் தெளியும். அந்த நொடியில் கம்பியின் நுனியை மூட்டில் தொடுங்கள். சுடரால் கம்பியை உருக்காதீர்கள், செம்பின் சூடே உருக்க வேண்டும். சரியாக அமைந்தால் ஒரு பளிச்சென்ற வெள்ளிக்கோடு மூட்டைச் சுற்றி ஓடி மறுபுறம் சேர்ந்துகொள்ளும். எத்தனை முறை பார்த்தாலும் நான் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் இடம் அது.

ஆறவிட்டு, சிட்ரிக் அமிலக் கரைசலில் சில மணி நேரம் ஊறப் போடுங்கள். சூடாக இருக்கும்போது போடாதீர்கள், குழாய்க்குள்ளிருந்து அமிலம் பீய்ச்சியடிக்கும். வெளியே எடுத்துக் கழுவி, ஒவ்வொரு மூட்டையும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். பற்றின் சரிவு இடைவெளியில்லாமல் சுற்றி வந்திருக்க வேண்டும்.

சோதனை

இந்தியாவில் 25 லிட்டருக்குக் குறைவான கொள்ளளவு பாய்லர் சட்டத்துக்குள் வராது. பிரிட்டனின் மாதிரி எஞ்சின் சங்கங்களிலும் பாரை லிட்டரால் பெருக்கினால் 3க்குள் அடங்கும் சின்ன பாய்லர்களுக்கு விதிகள் தளர்வு. நம்முடையது 0.75தான். அதாவது வந்து பார்க்க ஆய்வாளர் கிடையாது. ஆய்வாளர் நீங்களே, ஆகவே முழுதாகச் செய்யுங்கள்.

எல்லா புஷ்களையும் அடைத்து, ஒரு சொட்டுக் காற்றில்லாமல் பாய்லரைத் தண்ணீரால் நிரப்புங்கள். கைப்பம்பும் நம்பகமான பிரஷர் கேஜும் போதும். காற்றடித்துச் சோதிப்பது பெருந்தவறு. அழுத்திய காற்று வெடிக்கும், அழுத்திய தண்ணீர் பிளவு விழுந்ததும் ஒழுகி அடங்கிவிடும். ஒவ்வொரு பாராக ஏற்றி, இடையிடையே நிறுத்திப் பார்த்து, வேலை அழுத்தத்தின் இரட்டிப்பான 6 பாருக்குப் போங்கள். அரை மணி நேரம் நிற்கட்டும். முன்னும் பின்னும் முனைத் தகட்டின் மேல் இரும்பு ஸ்கேலை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். தகடு நிரந்தரமாகப் புடைத்திருந்தால் அந்த பாய்லர் நீராவி பார்க்கக் கூடாது. மூட்டில் ஈரம் கசிந்தால் சுத்தம் செய்து, பிளக்ஸ் பூசி, மறுபடி முழுச் சூடு கொடுத்து, சோதனையை முதலிலிருந்து செய்யுங்கள். பிறகு ஆண்டுதோறும் ஒன்றரை மடங்கில் சோதித்தால் போதும்.

சேஃப்டி வால்வையும் பிரஷர் கேஜையும் முதல் முறை வாங்கிவிடுங்கள். வாயுத் தொட்டியும் அப்படியே. நம் ஊர் 40 டிகிரி வெயிலில் பியூட்டேன் தொட்டிக்குள் அழுத்தம் 2.7 பாரைத் தொடும். அதுவும் ஒரு அழுத்தக் கலன், இன்னும் ஆபத்தானதை அடைத்து வைத்திருப்பது. சோதித்துச் சான்றளித்த ஒன்றை வாங்கி, பாய்லரைத் தொடாத இடத்தில் பொருத்துங்கள்.

முதல் நீராவி

காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றுங்கள். போர்வெல் தண்ணீரின் உப்பு குறுக்குக் குழாய்களை அடைத்துவிடும். விளிம்புவரை நிரப்பி, சிரிஞ்சால் 30 மில்லியை உறிஞ்சி எடுங்கள். ரெகுலேட்டரை மூடி, பர்னரைப் பற்றவைத்து, முழுச் சுடரில் விடுங்கள்.

கேஜின் முள் வெகுநேரம் அசையாது. அப்புறம் ஒரேயடியாக ஏறும். 3 பாரில் சேஃப்டி வால்வு திறக்க வேண்டும். திறந்த பிறகும் சுடரைக் குறைக்காமல் ஐந்து நிமிடம் முள்ளையே பாருங்கள். 3.3 பாரைத் தாண்டாமல் நின்றால் வால்வுக்கு முழுத் தீயையும் சமாளிக்கும் வாய் இருக்கிறது. தாண்டினால் பர்னரை அணைத்துவிட்டு, பெரிய வால்வாக மாற்றுங்கள், ஸ்பிரிங்கைத் தளர்த்தி ஒப்பேற்ற வேண்டாம்.

தேறிவிட்டால் வாயு தானாகத் தீரும்வரை எரியட்டும். ஆறியதும் பாய்லரைக் கவிழ்த்து, மிச்சத் தண்ணீரை அளவுக் குவளையில் பிடியுங்கள். 126 மில்லிக்கு மேல் இருந்தால் புகைக்குழாயின் தலை ஒருமுறைகூட நனையாமல் இருந்ததில்லை. எஞ்சினின் சட்டத்தில் பாய்லரை ஏற்றி, நீராவிக் குழாயை இணைக்கலாம்.